தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் எச்.ஐ.வி களங்கத்துக்கு எதிரான கலைவழிச் செயற்பாடுகள்

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் எச்.ஐ.வி களங்கத்துக்கு எதிரான கலைவழிச் செயற்பாடுகள் என்பவை, எச்.ஐ.வி தொற்று உள்ளோரையும் அவர்களது குடும்பத்தினரையும் இழிவாகக் கருதி ஒதுக்கும் மனப்பான்மையை மாணவரிடையே குறைக்கும் நோக்குடன் நாடகம், பொம்மைப் பாத்திரங்கள், ஓவியம், ஒளிப்படம் முதலிய கலைகளைப் பயன்படுத்தும் கல்வி முயற்சிகள் ஆகும். இவை 1990களின் தொடக்கத்தில் இன்றைய குவாசுலு-நத்தால் மாகாணப் பகுதியில் நாடக வழியில் தொடங்கின. பின்னர் தொலைக்காட்சி, உடல் வரைபடம், ஒளிப்படம் என விரிவடைந்தன. நோயைப் பற்றிய தகவல் மட்டும் ஒதுக்கலைப் போக்குவதில்லை என்ற பட்டறிவே இம்முயற்சிகளுக்கு அடிப்படையாக அமைந்தது.

களங்கம் என்னும் கருத்து

அமெரிக்கச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963 இல் வெளியிட்ட நூலில், ஒருவரது முழு ஆளுமையையும் மறைத்து அவரை ஒரு குறைபாட்டின் பெயரால் மட்டும் அடையாளம் காணச் செய்யும் பண்பைக் களங்கம் என விளக்கினார். ரிச்சர்ட் பார்க்கர், பீட்டர் ஆகிள்ட்டன் ஆகியோர் 2003 இல் எழுதிய கட்டுரையில், எச்.ஐ.வி தொடர்பான களங்கத்தைத் தனிமனிதரின் அறியாமையாக மட்டும் பார்க்கக் கூடாது என்றனர். பால், இனம், வர்க்கம் ஆகியவற்றில் ஏற்கனவே உள்ள ஏற்றத்தாழ்வுகளின் மேல்தான் அது கட்டப்படுகிறது என்பது அவர்களது வாதம்.

பள்ளியில் களங்கம் சிறு செயல்களாகவே வெளிப்படும். ஒரே இருக்கையில் அமர மறுத்தல், குவளையைப் பகிர மறுத்தல், விளையாட்டில் சேர்க்காமை, பட்டப்பெயர் சூட்டுதல், வதந்தி பரப்புதல் ஆகியவை இவற்றுள் சில. தொற்று இல்லாத குழந்தையும், பெற்றோரில் ஒருவர் நோயுற்றிருந்தாலோ இறந்திருந்தாலோ, இதே ஒதுக்கலுக்கு உள்ளாகலாம். கைகுலுக்குவதால் எச்.ஐ.வி பரவாது என்று தேர்வில் சரியாக விடை எழுதும் மாணவர், அடுத்த நாள் வகுப்பில் தள்ளி அமர்வதும் உண்டு. அச்சம், கூச்சம், வெட்கம், பெரியவர்களிடம் கேட்ட பேச்சு ஆகியவை தகவலைவிட வலுவாக நடத்தையைத் தீர்மானிப்பதே இதற்குக் காரணம்.

வரலாற்றுப் பின்னணி

தென்னாப்பிரிக்காவில் அரசு மகப்பேற்று மையங்களுக்கு வந்த கருவுற்ற பெண்களிடையே எச்.ஐ.வி தொற்று 1990 இல் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. 2000 இல் அது 24.5 விழுக்காடாக உயர்ந்தது. பத்தே ஆண்டுகளில் நிகழ்ந்த இப்பெருக்கத்தால், நோயுற்ற பெற்றோரைக் கொண்ட குழந்தைகளும் பெற்றோரை இழந்த குழந்தைகளும் பள்ளிகளில் பெருகினர்.

தொற்றை வெளிப்படையாகச் சொல்வது உயிருக்கே ஆபத்தாக முடிந்த காலம் அது. தர்பன் நகரை அடுத்த குவாமாஷு பகுதியைச் சேர்ந்த குகு தலாமினி என்னும் பெண், தமக்கு எச்.ஐ.வி இருப்பதைப் பொதுவில் அறிவித்த பின்னர் 1998 திசம்பரில் தாக்கப்பட்டு உயிரிழந்தார்.

1997 இல் ஜோகானஸ்பர்க்கில் இன்கோசி ஜான்சன் (1989–2001) என்னும் சிறுவனைத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. அவன் பிறக்கும்போதே தொற்றுடன் பிறந்தவன். வளர்ப்புத் தாய் கெய்ல் ஜான்சன் இதை எதிர்த்துப் போராட, செய்தி நாடெங்கும் பேசப்பட்டது; இறுதியில் சிறுவன் பள்ளியில் சேர்க்கப்பட்டான். 2000 சூலையில் தர்பனில் நடந்த 13 ஆவது பன்னாட்டு எயிட்ஸ் மாநாட்டில், 11 அகவையில், தங்களைப் போன்றோரைத் தொடவும் அணைக்கவும் அஞ்ச வேண்டாம் என இன்கோசி கேட்டுக்கொண்டான். 2001 சூன் 1 அன்று அவன் இறந்தான். 2005 இல் பன்னாட்டுக் குழந்தைகள் அமைதிப் பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அது அவனது மறைவுக்குப் பின் அவனுக்கு அளிக்கப்பட்டது.

1999 இல் தென்னாப்பிரிக்கக் கல்வித்துறை, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான எச்.ஐ.வி/எயிட்ஸ் தேசியக் கொள்கையை வெளியிட்டது. எச்.ஐ.வி நிலையைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, சேர்க்கைக்கு இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது, தன் நிலையை வெளியிடுமாறு மாணவரை வற்புறுத்தக் கூடாது என்பவை அதன் முக்கிய விதிகள். சட்டம் பள்ளியின் கதவைத் திறந்தது. வகுப்பறைக்குள் அந்த மாணவரின் அருகில் யார் அமர்வார் என்பதைச் சட்டத்தால் முடிவுசெய்ய இயலவில்லை. கலைவழிச் செயற்பாடுகள் இவ்விடைவெளியிலேயே இயங்கின.

செயற்பாடுகளின் வகைகள்

நாடகம்

சுலுலாந்து பல்கலைக்கழகத்தின் நாடகத்துறைப் பேராசிரியர் லின் டால்ரிம்பிள் 1990களின் தொடக்கத்தில் டிராம்எய்ட் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். நாடகக் குழுவினர் பள்ளிக்குச் சென்று முதலில் ஒரு நாடகத்தை நடித்துக் காட்டுவர். அடுத்து மாணவர்களுடனும் ஆசிரியர்களுடனும் பட்டறைகள் நடத்துவர். இறுதியில் மாணவர்கள் தாங்களே உருவாக்கிய நாடகம், பாடல், நடனம் ஆகியவற்றைப் பெற்றோரும் ஊராரும் கூடும் திறந்த நாளில் அரங்கேற்றுவர். பார்வையாளராகத் தொடங்கிய மாணவர் படைப்பாளராக முடிவதே இத்திட்டத்தின் சிறப்பு.

பிரேசில் நாட்டு நாடகவியலாளர் அகஸ்தோ போவால் (1931–2009) உருவாக்கிய மன்ற அரங்கு என்னும் முறையும் இத்துறையில் பரவலாகப் பயன்படுகிறது. ஒடுக்குமுறையில் முடியும் ஒரு குறுங்காட்சி முதலில் நடிக்கப்படும். பின்னர் அதே காட்சி மீண்டும் தொடங்கும். இம்முறை பார்வையாளர் எவரும் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு நிகழ்வின் போக்கை மாற்ற முயலலாம். எடுத்துக்காட்டாக, மதிய உணவு வேளையில் ஒரு மாணவியின் அருகிலிருந்து மற்றவர்கள் எழுந்து செல்லும் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். முதலில் எழுபவரும் அவரைப் பின்தொடர்பவரும் கண்டும் காணாததுபோல் இருக்கும் ஆசிரியரும் அதில் இடம்பெறுவர். இவர்களுள் யார், எந்தக் கணத்தில், என்ன செய்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பதை மாணவர்கள் உடலால் முயன்று பார்க்கின்றனர்.

பொம்மைப் பாத்திரம்: காமி

"தக்கலானி செசமி" என்பது "செசமி ஸ்ட்ரீட்" தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தென்னாப்பிரிக்க வடிவம். இது 2000 இல் தொடங்கியது. 2002 செப்டம்பர் 30 அன்று இதில் காமி என்னும் புதிய பாத்திரம் தோன்றியது. காமி, கடுகு மஞ்சள் நிறமுடைய ஐந்து வயதுப் பெண் பொம்மை. அவளுக்கு எச்.ஐ.வி தொற்று உண்டு; அவளது தாய் எயிட்ஸ் நோயால் இறந்தவர். செட்சுவானா மொழியில் ஏற்பு, வரவேற்பு எனப் பொருள்படும் "கமொகெலோ" என்ற சொல்லிலிருந்து அவளது பெயர் பிறந்தது. பள்ளிக்குச் செல்லும் முன்பருவக் குழந்தைகளை நோக்கிய நிகழ்ச்சி என்பதால், பாலுறவு பற்றிப் பேசாமல், நட்பு, பிரிவுத்துயர், தொடுகைக்கு அஞ்சாமை ஆகியவையே கதைகளில் முதன்மை பெற்றன.

இப்பாத்திரம் பற்றிய அறிவிப்பு வெளியானதும் ஐக்கிய அமெரிக்காவில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த காங்கிரசு உறுப்பினர் சிலர் தங்கள் நாட்டுப் பொதுத் தொலைக்காட்சிக்குக் கடிதம் எழுதிக் கவலை தெரிவித்தனர். 2003 நவம்பரில் யுனிசெப் அமைப்பு காமியைக் குழந்தைகளுக்கான சிறப்புத் தூதராக அறிவித்தது.

நினைவுப் பேழையும் உடல் வரைபடமும்

நோயுற்ற பெற்றோர் தம் குடும்ப வரலாற்றைக் குழந்தைகளுக்காக எழுதிவைக்கும் நினைவு நூல் முறை 1990களில் உகாண்டாவில் பரவியது. தென்னாப்பிரிக்காவில் இது ஒளிப்படம், கடிதம், சிறு பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் நினைவுப் பேழையாக வளர்ந்தது. பேழையின் புறத்தைக் குழந்தைகளே ஓவியம் தீட்டி அழகுபடுத்துவர். மறைக்க வேண்டியதாகக் கருதப்பட்ட இறப்பு, நினைவுகூரத் தக்க ஒரு வாழ்வின் பகுதியாக இதனால் மாறுகிறது.

உடல் வரைபடம், 2002 இல் கேப் டவுன் நகரை அடுத்த காயெலிட்சாவில் ஓவியர் ஜேன் சாலமன், பம்பனானி மகளிர் குழுவினருடன் நடத்திய பட்டறைகளில் உருப்பெற்றது. ஒருவர் பெரிய தாளின் மேல் படுத்துக்கொள்ள, அவரது உடலின் புறக்கோடு வரையப்படும். அதற்குள் தன் வலிமை உறையும் இடம், தழும்புகள், ஆதரவளிப்போர், எதிர்கால நோக்கு ஆகியவற்றை அவரே வண்ணத்தில் தீட்டுவார். இப்பட்டறைகளின் ஓவியங்களும் கதைகளும் 2003 இல் நூலாக வெளிவந்தன. வளர்ந்தோருக்காக உருவான இம்முறை பின்னர் இளையோரிடையேயும் பயன்படுத்தப்பட்டது. பள்ளியில் இதை நடத்துவோர், தொற்று பற்றிய கேள்விகளைத் தவிர்த்து, அனைவருக்கும் பொதுவான கேள்விகளையே கேட்பது பாதுகாப்பானது.

ஒளிப்படக் குரல்

பங்கேற்பாளரிடமே படக்கருவியைக் கொடுத்து, அவரது வாழ்வை அவரே படம் பிடித்து விளக்கச் செய்வது ஒளிப்படக் குரல் எனப்படும். கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகியோர் 1990களில் சீனாவின் யுனான் மாகாண ஊரகப் பெண்களுடன் இம்முறையை உருவாக்கினர். குவாசுலு-நத்தாலின் ஊரகப் பள்ளி ஒன்றில் மாணவர்கள் எச்.ஐ.வி களங்கத்தை இம்முறையில் ஆராய்ந்ததைப் பற்றி, ரெலெபோகிலே மொலட்சானே, நைடீன் டி லாங்கே, கிளாடியா மிட்செல் உள்ளிட்டோர் 2007 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மாணவர்களைக் களங்கத்தின் காரணமாகவோ பலியாகவோ மட்டும் கொள்ளாமல், அதை ஆராய்ந்து எதிர்க்கும் செயற்பாட்டாளராக இவ்வணுகுமுறை கொள்கிறது.

செயற்படும் விதம்

இச்செயற்பாடுகளின் பயன் பொதுவாக மூன்று வழிகளில் விளக்கப்படுகிறது. முதலாவதாக, கற்பனைப் பாத்திரம் ஒரு பாதுகாப்பான இடைவெளியைத் தருகிறது. தன் வீட்டைப் பற்றிப் பேச இயலாத குழந்தை, நாடகத்தில் வரும் வீட்டைப் பற்றிப் பேச முடியும். இரண்டாவதாக, பிறரது இடத்தில் நின்று நடிப்பது அவர் உணர்வை உணர வாய்ப்பளிக்கிறது. மூன்றாவதாக, ஒரு வகுப்பே சேர்ந்து செய்யும்போது, ஒதுக்காமல் இருப்பது தனியொருவரின் துணிவாக இல்லாமல் அனைவருக்கும் தெரிந்த பொது வழக்கமாக மாறக்கூடும். முன்முதலாக அருகில் சென்று அமர்பவருக்குத் தானும் ஒதுக்கப்படுவோமோ என்னும் அச்சம் அப்போது குறைகிறது.

மதிப்பீடு

டிராம்எய்ட் நாடகத் திட்டம் பற்றிய ஒரு சமவாய்ப்பு ஆய்வு 2000 இல் வெளியானது. குவாசுலு-நத்தாலில் 7 இணை உயர்நிலைப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வோர் இணையிலும் ஒரு பள்ளிக்கு நாடகத் திட்டமும் மற்றதற்கு அச்சிட்ட தகவல்களும் அளிக்கப்பட்டன. தொடக்கத்தில் 1080 மாணவர்களும், ஆறு மாதங்களுக்குப் பின் 699 மாணவர்களும் வினாக்களுக்கு விடையளித்தனர். நாடகத் திட்டம் பெற்ற பள்ளிகளில் எச்.ஐ.வி பற்றிய அறிவிலும் மனப்பான்மையிலும் கூடுதல் முன்னேற்றம் காணப்பட்டது.

இம்முடிவைச் சில வரம்புகளுடனேயே கொள்ள வேண்டும். முதலில் விடையளித்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பின்தொடர்வில் இல்லை. மேலும், வினாத்தாள் மாணவர் சொல்வதையே அளக்கிறது; சரியான விடை எது என்பதை அறிந்தபின் அதையே எழுதுவது எளிது. உணவு வேளையில் யார் யாருடன் அமர்கின்றனர் என்பதை அது அளப்பதில்லை. ஒரு முறை நடக்கும் நிகழ்ச்சியின் தாக்கம் எத்தனை காலம் நிலைக்கும் என்பதும் தனியே ஆராயப்பட வேண்டியது.

விமர்சனங்களும் அறநெறிச் சிக்கல்களும்

களங்கத்தைக் குறைக்க எடுக்கும் முயற்சியே அதை வளர்க்கவும் கூடும். எலும்புக்கூடு, கல்லறை, மெலிந்த உடல் ஆகியவற்றைக் காட்டும் சுவரொட்டிகளும் நாடகங்களும் நோயை மரணத்துடனும் குற்றத்துடனும் இணைக்கின்றன. தொற்றுள்ளவராக நடித்த மாணவர் அப்பாத்திரத்தின் பெயராலேயே கேலி செய்யப்படலாம். பிறப்பிலோ இரத்தம் ஏற்றியதாலோ தொற்றுப் பெற்றவரை மட்டுமே கதைத்தலைவராக்கினால், "குற்றமற்றோர்", "குற்றமுடையோர்" என்னும் பிரிவினை மறைமுகமாக வலுப்பெறக்கூடும்.

எல்லாவற்றிலும் பெரிய இடர், குழந்தையின் நிலை வெளிப்பட்டுவிடுவதாகும். மேடையில் அழுதுவிடும் ஒரு குழந்தையைச் சுற்றி ஊகங்கள் எழலாம். ஒளிப்படம் ஒன்று எடுக்கப்பட்ட நோக்கத்தைத் தாண்டிப் பல ஆண்டுகள் உலவலாம். சில குழந்தைகளுக்குத் தங்கள் தொற்று பற்றிக் குடும்பத்தினர் இன்னும் சொல்லாமல் இருக்கவும் கூடும். ஆகவே பின்வரும் நெறிகள் வலியுறுத்தப்படுகின்றன:

* பங்கேற்பது குழந்தையின் விருப்பமாக இருத்தல் வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது.
* சொந்த அனுபவத்தைச் சொல்லுமாறு எவரையும் கேட்கலாகாது.
* படங்களில் முகங்களைத் தவிர்க்க வேண்டும்.
* நிகழ்ச்சிக்குப் பின் பேசுவதற்கு ஆற்றுப்படுத்துநர் ஒருவர் இருக்க வேண்டும்.
* ஒதுக்கல் நேர்ந்தால் தலையிடும் பொறுப்பைப் பள்ளி ஏற்க வேண்டும்.

மருத்துவ முன்னேற்றத்துக்குப் பின்

தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் வைரசு எதிர்ப்பு மருந்துச் சிகிச்சை 2004 இல் தொடங்கியது. இன்று உலகிலேயே மிகப் பெரிய எச்.ஐ.வி சிகிச்சைத் திட்டம் அந்நாட்டினுடையது. பிறப்பிலேயே தொற்றுப் பெற்ற குழந்தைகள் பலர் வளர்ந்து பெரியவர்களாகியுள்ளனர். சிகிச்சையால் இரத்தத்தில் வைரசின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்து, அந்நிலையிலேயே தொடரும் ஒருவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பது ஆய்வுகளால் உறுதிசெய்யப்பட்டுள்ளது.

இதனால் கலைவழிச் செயற்பாடுகளின் கதையும் மாற வேண்டியுள்ளது. இறப்பையும் இரக்கத்தையும் மையமாகக் கொண்ட பழைய நாடகங்கள் இன்றைய நிலைக்குப் பொருந்துவதில்லை. நண்பர்கள் பார்த்துவிடுவார்களோ என அஞ்சி ஒரு மாணவர் மாத்திரையைத் தவறவிட்டால், களங்கம் அவரது உடல்நலத்தையே நேரடியாகத் தாக்குகிறது. நாள்தோறும் மருந்து உட்கொண்டு, படித்து, விளையாடி, நீண்டநாள் வாழ இருக்கும் ஒரு வகுப்புத் தோழரைக் காட்டுவதே இன்றைய தேவையாகும்.

இவற்றையும் பார்க்க

* எயிட்ஸ்
* இன்கோசி ஜான்சன்
* அகஸ்தோ போவால்
* உலக எயிட்ஸ் நாள்