கூரை எரிந்த அரங்கில் பிறந்த அருங்காட்சியகம்

ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில், பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஃபிகெரெஸ். சர்ரியலிஸ ஓவியர் சால்வதோர் டாலி 1904-இல் பிறந்த ஊர். அங்கே 1850 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட நகராட்சி நாடக அரங்கு ஒன்று இருந்தது. உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்த 1939-இல், உள்ளே தங்கியிருந்த, பின்னர் நாட்டைச் சர்வாதிகாரியாக ஆண்ட ஃப்ராங்கோவின் படையினரால் அது தீப்பற்றியது. கூரை போயிற்று, சுவர்கள் நின்றன. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சுவர்களுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

1960-களின் தொடக்கத்தில் ஊர் மேயராக இருந்தவர் ரமோன் குவார்தியோலா. உள்ளூர் அருங்காட்சியகத்துக்கு ஓர் ஓவியம் தரும்படி டாலியைக் கேட்டார். ஓர் ஓவியம் எதற்கு, ஒரு முழு அருங்காட்சியகமே தருகிறேன் என்று பதில் வந்தது. இடத்தையும் டாலியே சொல்லிவிட்டார்: எரிந்துபோன அந்த அரங்கு.

காரணங்களும் சொன்னார். தான் அடிப்படையில் நாடகத்தன்மை கொண்ட ஓவியன். எதிரே இருக்கும் சான் பேரே தேவாலயத்தில்தான் தனக்கு ஞானஸ்நானம் நடந்தது. முதன்முதலில் தன் ஓவியங்களை மக்கள் பார்த்ததும் அந்த அரங்கின் முன்கூடத்தில்தான். அந்தக் கண்காட்சியின்போது அவர் பதின்வயதுப் பையன். முதல் சுவரைத் தந்த கட்டடத்துக்குக் கடைசிப் பெரும் படைப்பைத் திருப்பித் தருவது என்ற இந்த எண்ணம்தான், விளம்பரத்தில் அத்தனை ஆசை கொண்ட டாலியிடம் நான் மிகவும் மதிக்கும் செயல்.

1961-இல் ஊரார் அவருக்கு எடுத்த விழாவில் திட்டம் வெளியானது. பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் மாட்ரிட் அலுவலகங்களில் கோப்பு நகர்ந்தது. 1970-இல்தான் வேலை தொடங்கியது. குவார்தியோலா விடாமல் துரத்தியிருக்காவிட்டால் அந்த வாக்கு வெறும் வாக்காகவே நின்றிருக்கும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாலி ஃப்ராங்கோவை வெளிப்படையாகப் புகழ்ந்தவர். எந்தத் தரப்புப் படையால் அரங்கு எரிந்ததோ, அதே தரப்பின் ஆட்சிதான் அதை மீண்டும் எழுப்ப ஒப்புதல் தந்தது. இந்த உறுத்தல் இல்லாமல் அந்தக் கட்டடத்தின் கதை முழுமையாகாது.

பாழான கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. டாலி அதைச் செய்யவில்லை. பார்வையாளர் இருக்கைகள் இருந்த பகுதிக்குக் கூரை போடாமல் திறந்த முற்றமாகவே விட்டார். அங்கே ஒரு பழைய காடிலாக் கார் நிற்கிறது. காசு போட்டால் காருக்குள்ளே மழை பெய்யும். அதற்குப் பின்னால் டயர்களை அடுக்கிய தூண். அதன் உச்சியில் மனைவி காலாவின் படகு. முன்பு நடிகர்கள் நின்ற மேடை இப்போது பார்க்க வருபவர்கள் நடக்கும் தரை. அதன் பின்திரையாக, ஒரு பாலே நாடகத்துக்கு டாலி தீட்டிய பிரம்மாண்டமான சீலை தொங்குகிறது. வெளியே நின்று பார்க்க வேண்டியது என்று எதுவும் இல்லை. வந்தவரும் காட்சிக்குள் ஒருவராகிவிடுகிறார்.

மேடைக்கு மேலே கண்ணாடிக் கவிகை. சிறு சிறு முக்கோணங்களாகக் கம்பிகள் பின்னி, ஒரு பெரிய பூச்சியின் கண்ணைப் போல அது வானத்தைப் பார்க்கிறது. இன்று ஃபிகெரெஸின் அடையாளமே அதுதான். அதை வடிவமைத்தவர் முர்சியா பகுதியைச் சேர்ந்த எமிலியோ பெரெஸ் பின்யேரோ. மாணவராக இருந்தபோதே, மடித்து எடுத்துச் செல்லக்கூடிய நடமாடும் நாடக அரங்கு ஒன்றை வடிவமைத்து, 1961-இல் லண்டனில் கட்டடக்கலைஞர்களின் உலக மாநாட்டில் பரிசு பெற்றவர். கவிகை எழுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1972-இல் சாலை விபத்தில், 36 வயதில் இறந்துபோனார்.

1974 செப்டம்பர் 28 அன்று அரங்கு திறக்கப்பட்டது. அதன் பிறகும் டாலி அதை விட்டுவிடவில்லை. சேர்த்துக்கொண்டும் மாற்றிக்கொண்டும் இருந்தார். காலா 1982-இல் மறைந்தார். தம் கடைசி ஆண்டுகளை டாலி அரங்கை ஒட்டிய கோபுர வீட்டில் கழித்தார். அந்த வீட்டுக்கு அவர் இட்ட பெயர் காலாத்தேயா கோபுரம். 1989 ஜனவரியில் இறந்த அவருடைய உடல் பழைய மேடைக்குக் கீழே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

பார்சிலோனா வரை போகிறவர்கள் ஃபிகெரெஸுக்கும் ரயில் ஏறுங்கள். அந்தக் கவிகையின் கீழே நிற்கும்போது, டாலியின் பெயரோடு பின்யேரோவின் பெயரையும் குவார்தியோலாவின் பெயரையும் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.