திருமுக்கூடல் ஆதுலர் சாலையும் துயில் மருத்துவமும்

காஞ்சி மாநகரை ஒட்டி ஓடும் வேகவதி, பாலாற்றோடும் செய்யாற்றோடும் கூடும் இடம் திருமுக்கூடல் ஆகும். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலிலுள்ள வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு, தமிழக மருத்துவ வரலாற்றுக்குத் தலையாய சான்று. எபிகிராபியா இந்திகாவின் 21ஆம் தொகுதியில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதனைப் பதிப்பித்தார். கோயிலைச் சார்ந்து வேதக் கல்லூரியும் மாணவர் விடுதியும், வீரசோழன் என்னும் பெயரால் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இயங்கியமை இதனாற் புலனாகின்றது. மருத்துவர், அறுவை செய்வார், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு நெல்லும் காசும் வகுக்கப்பெற்றன. ஏறத்தாழ 20 மருந்துகள் இருப்பில் இருத்தல் வேண்டும் எனவும் கல்வெட்டு பெயர் சுட்டிக் கூறுகின்றது.

துயிலின்மைக்கும் அதனால் உள்ளம் கெடுதற்கும் இச்சாலையில் மருந்து இருந்ததா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

மருந்துப் பட்டியலில் வாசா அரீதகி, தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், பலாகேரண்ட தைலம், கல்யாண லவணம் முதலியன காணப்படுகின்றன. துயில் தருவது எனப் பெயரளவிலேனும் விளங்கும் மருந்து ஒன்றும் இல்லை. ஆயினும் புராண கிருதம், அஃதாவது பழநெய், நம் கருத்தை ஈர்க்கின்றது. பத்தாண்டு வைக்கப்பெற்றுக் கடுமணம் கொண்ட நெய்யே பழநெய் எனக் கூறும் சரகர், அதனைப் பித்து நோய்க்குச் சிறந்த மருந்தாக விதிக்கின்றார். இது கொண்டு இச்சாலையில் மனநோயாளர் தங்கினர் எனத் துணிதல் பொருந்தாது. என்னை? பழநெய் பிற நோய்கட்கும் உரியது. கல்வெட்டோ மருந்தைக் கூறுகின்றதேயன்றி நோயைக் கூறவில்லை. மனநோய்க்கு உதவும் மருந்தொன்று கைவசம் இருந்தது என்ற அளவே சான்று செல்லும்.

அங்ஙனமாயின் துயின்மருந்து இன்மை குறையாகுமோ எனின், ஆகாது என்பதே எம் கருத்து. சரக சங்கிதையின் சூத்திரத்தானம் 21ஆம் இயல் கெட்ட துயிலை மீட்கும் வழிகளைத் தொகுத்துரைக்கின்றது. எண்ணெய் தேய்த்தல், நீராடல், பாலும் நெய்யும் தயிர்ச்சோறும் உண்ணல், உடல் பிடித்துவிடல், நறுமணம், இன்னோசை, மனத்துக்கு இனியன, நல்ல படுக்கை என்பன அவை. 25ஆம் இயல், துயில் தருவனவற்றுள் எருமைப்பாலே தலையாயது என்கின்றது. சுசுருதரும் துயில் கெடுதற்குரிய காரணங்களுள் மனத்துயரை ஒன்றாக வைத்து, எண்ணெய்ப் பூச்சையும் உணவையும் படுக்கையையுமே பெரிதும் விதிக்கின்றார். ஆகவே அக்கால மருத்துவர் துயிலை முதற்கண் ஒழுக்கத்தாலும் உணவாலும் மீட்க முயன்றனர். படுக்கை, நாளுணவு, இரவெரியும் விளக்கு, பேணும் பெண்டிர் ஆகியவற்றுக்குக் கல்வெட்டு நிவந்தம் வகுத்திருத்தல் இந்நெறியோடு முரணாது. மாணவர்க்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கும் அதில் வகுக்கப்பெற்றுள்ளது.

மூலிகையால் உள்ளத்தை அடக்கும் முறைக்குச் சர்ப்பகந்தி வேரின் வரலாறு தக்க ஒப்பீடாகும். 1931இல் கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் இவ்வேரைப் பித்துக்கும் குருதி அழுத்தத்துக்கும் உரிய மருந்தாக எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் இதினின்று ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தனர். உலகெங்கும் வழங்கிய அம்மருந்தை உண்டார் சிலர்க்கு மனச்சோர்வு தோன்றியமை அப்பதிற்றாண்டிலேயே பதிவாயிற்று. உள்ளத்தை அமைதிப்படுத்தும் வேரே உள்ளத்தைத் தாழ்த்தவும் கூடும் என்பது இதனால் தெளிவாம்.

நம் நாட்டார் துயிலுக்கென இன்று பாலோடு கொள்ளும் அமுக்கராக்கிழங்கைப் பற்றி 2021இல் வெளியான தொகுப்பாய்வொன்று, 5 சோதனைகளில் 400 பேரை உட்படுத்திச் சிறிய அளவில் நன்மை உண்டெனக் கண்டது. அரிதாக ஈரற் கேடும் பதிவாகியுள்ளது. துயிலின்மை உடையார்க்குப் பின்னர் மனச்சோர்வு வருதல் ஏறத்தாழ இருமடங்கு என 2011ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டுதலின், இதனைச் சிறு குறையென விடுத்தலும் தகாது. பொடியொன்றால் தீரும் எனல் அதனினும் தகாது.

இதுகாறும் கூறியவாற்றான், திருமுக்கூடற் கல்வெட்டில் துயிலுக்கெனத் தனி மருந்து இல்லை என்பதும், உள்ளநோய்க்கு உதவும் பழநெய் உண்டு என்பதும், அதற்கு மேல் கூறுதல் சான்று கடந்ததாகும் என்பதும் பெறப்படும். முன்னோர் பெருமையை நிறுவ விழைவார் மருந்தின் பெயரை மட்டும் எடுத்துக் காட்டுவர். நோயுற்றான் ஒருவன் அஞ்சாது கண்ணயர விளக்குக்கு எண்ணெயும் அளந்து வைத்த அறமே நாம் போற்றத் தக்க பெருமை என்க.