கணினித் தடப்பதிவின் வரலாறு

மலையகத்துப் புகையிரதப் பாதை 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைக்கு இறக்கிய அப்பாதை ஒற்றைப் பாதையாகும். அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே, சிங்கமலைச் சுரங்கத்தினுள், இரு வண்டிகள் எதிர்ப்படின் யாது நிகழும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. ஆதலின், அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு ஒரே வேளையில் ஒரு வில்லை மாத்திரமே வெளிவரத்தக்க பொறி இவ்வழியில் நெடுங்காலம் கையாளப்பட்டது. ‘டேப்லெட்’ என வழங்கிய அவ்வில்லையைக் கையிற் பெறாத சாரதி வண்டியை நகர்த்தலாகாது. வண்டி வந்த நேரமும் சென்ற நேரமும் நிலையப் பதிவேட்டில் ஏறும். தவறு நேரின் இரு நிலையத்தாரின் ஏடுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். இரு கடிகாரங்களும் ஒத்திராவிடின் அவ்வேடுகளாற் பயன் சிறிதே.

கணினி இயலார் இம்முறைக்குக் கடன்பட்டவர்கள். பல பணிகள் ஒரே கருவியை நாடும்போது ஒன்றுக்கே இடமளிக்கும் பூட்டினை ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்திரா 1960களின் முற்பகுதியில் வகுத்து, அதற்குப் புகையிரதக் கைகாட்டியின் பெயரையே சூட்டினார். ஆயினும் வில்லை தந்த காவலால் எல்லாத் தவறும் ஒழிந்துவிடவில்லை.

1997 சூலை 4 ஆம் நாள் அமெரிக்காவின் ‘பாத்ஃபைண்டர்’ கலம் செவ்வாயில் இறங்கியது. சின்னாட்களில் அதன் கணினி தானாகவே மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாயிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய ஆய்வில் எஞ்சிய பகுதி மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. புவியில் நடந்த சோதனைகளிலும் இக்குறை தலைகாட்டியதுண்டு. எனினும் தேடியபோது மீண்டும் தோன்றவில்லை. எப்பொழுதோ ஒரு கணம் தோன்றி மறையும் பிழையை நிரலை வாசித்து மாத்திரம் கண்டுபிடித்தல் அரிது.

அக்கலத்தின் நிரலில் தடப்பதிவு வசதி நீக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. எப்பணி எப்பொழுது தொடங்கியது, எது பூட்டைப் பெற்றது, எது காத்திருந்தது என்பவற்றை அது வரிசையாகக் குறிக்கும். பொறியியலாளர் ஆய்வகத்திலிருந்த ஒத்த கணினியில் அப்பதிவை இயக்கி, பிழை மீண்டும் நிகழும்வரை ஓடவிட்டனர். பதிவு உண்மையைக் காட்டிற்று. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி பூட்டை வைத்திருந்தது. இடைத்தரப் பணிகள் அதனை ஓடவொட்டாமல் தடுத்தன. முன்னுரிமை மிக்க பணியோ அப்பூட்டுக்காகக் காத்துக் கிடந்தது. தன் வேலை உரிய காலத்தில் முடியாமை கண்ட காவல் ஏற்பாடு கணினியை மீளத் தொடங்கியது.

இதற்குரிய மருந்து முன்னரே ஆயத்தமாயிருந்தது. பூட்டை வைத்திருப்பவனுக்கு அதற்காகக் காத்திருப்பவனின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் முறையினை 1990 இல் ஷா, ராஜ்குமார், லெஹோட்ஸ்கி ஆகிய மூவர் விளக்கி எழுதியிருந்தனர். இவர்களுள் ரகுநாதன் ராஜ்குமார் கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்றவர் என்பது தமிழ் மாணவர் அறியத்தக்கது. நிரலில் அணைந்து கிடந்த அவ்வசதியைப் புவியிலிருந்தே இயக்கினர், குறை நீங்கியது.

பாத்ஃபைண்டரில் இருந்தது ஒரு செயலியே. ஒரே சில்லில் பல கருக்கள் அமைந்த பின்னர் இடர் பெருகிற்று. ஒரு கருவை நிறுத்திச் சோதித்தால் ஏனையவை ஓடிக்கொண்டிருக்கும். நிரலினுள் குறிப்பெழுதும் கட்டளைகளைச் செருகினால் நேர ஒழுங்கு மாறிப் பிழையே மறைந்துவிடும். ஆகவே பதிவாளனைச் சில்லினுள்ளேயே தனிச்சுற்றாக அமைத்தனர். 1999 இல் ‘நெக்ஸஸ்’ என்னும் பொதுநியமம் வெளிவந்தது. பின்னர் ஆர்ம் நிறுவனத்தாரின் ‘கோர்சைட்’ அமைப்புப் பரவிற்று.

இச்சுற்றை ஏவிவிட்டால் மட்டும் போதாது. கருக்கள் நொடிக்குப் பல கோடி கட்டளைகளை நிறைவேற்றுவன; அனைத்தையும் கொள்ளும் ஏடு இல்லை. எனவே நிரல் கிளைபிரியும் இடங்களை மட்டும் பதிந்து, எஞ்சியதை நிரலைக் கொண்டு பின்னர் நிரப்புவர். எக்கருவை, எம்முகவரி எல்லைக்குள் நோக்குவது என்பதும் முற்கூட்டியே முடிவுசெய்யப்படல் வேண்டும். நினைவகம் வட்டமாகச் சுழன்று பழையதன்மேற் புதியதை எழுதுமாதலின், பிழை கண்டவுடன் பதிவை நிறுத்தும் அடையாளம் இன்றியமையாதது. அது பிந்தினால் வேண்டிய பகுதி அழிந்துபோம். ஒரு கருவில் அவ்வடையாளம் தோன்றின் ஏனைக் கருக்களின் பதிவும் உடன் நிற்குமாறு குறுக்கிணைப்புச் செய்வர். எல்லாக் கருக்களின் பதிவுகளுக்கும் பொதுவான ஒரு கடிகாரத்தின் நேரம் பொறிக்கப்படும். அட்டன் ஏட்டையும் கொட்டகலை ஏட்டையும் ஒப்பிட்டவர்க்கு வேண்டியிருந்ததும் அதுவே.

விலை குறைக்கும் நோக்கில் விற்பனைப் பொருள்களில் இப்பதிவுக்குரிய இணைப்பூசிகளை விட்டுவிடுவாரும் உளர். அத்தகைய சிக்கனம், செவ்வாய்க் கலத்தினர் அவ்வசதியை நீக்காமல் அனுப்பியதோடு ஒப்பிடுங்கால், போற்றத்தக்கதாகத் தோன்றவில்லை. அக்கலம் 1997 செப்டெம்பர் 27 வரை செவ்வாயிலிருந்து செய்தி அனுப்பியது.