ஆர்மோனியப் பெட்டியிலிருந்து மின் ஆர்கன் வரை



சித்தியவான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பஜனை என்றதும் ஆர்மோனியப் பெட்டி நினைவுக்கு வரும். பிறகு கல்யாண மேடையிலும் கோயில் திருவிழாவிலும் மின்சார ஆர்கன் வந்து அமர்ந்தது. இவ்வாத்தியங்களை விற்றவர்கள் எவ்வாறு நம் வாசலுக்கு வந்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

ஆர்மோனியம் 1840-களில் பிரான்சு நாட்டில் பிறந்தது. காலால் மிதித்து, நாற்காலியில் அமர்ந்து வாசிக்க வேண்டிய பெரிய சாமான் அது. நம் நாட்டுப் பாடகர்களோ தரையில் அமர்பவர்கள். இதை அறிந்தவர் கல்கத்தாவில் துவார்க்கின் வாத்தியக் கடையை நடத்திய துவாரகாநாத் கோஷ். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் துருத்தியைக் கையால் அசைக்கும்படி பெட்டியைச் சிறிதாக்கினார். வாங்குபவரின் பழக்கம் தெரிந்த வியாபாரியால் வந்த மாற்றம் இது.

மின் ஆர்கனை 1935-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் லாரன்ஸ் ஹாமண்ட். அவருடையது கடிகாரக் கம்பெனி. பெரிய குழல் ஆர்கன் வாங்கப் பணமில்லாத தேவாலயங்கள் இதை விரும்பி வாங்கின. ஆனால் விளம்பரம் அளவு மீறியது. குழல் ஆர்கன் தரும் ஒலியெல்லாம் இதிலும் உண்டு என்றார்கள். அமெரிக்க அரசின் வாணிப ஆணையம் வழக்கெடுத்தது. 1938-இல் அவ்விளம்பரங்கள் சிலவற்றைத் தடுத்தது.

ஜப்பானில் வேறு வழி பிறந்தது. 1887-இல் ஹமாமட்சு நகரில் ஒரு பள்ளியின் பழுதான ஆர்கனைச் சரிசெய்தவர் தோராகுசு யமஹா. தாமே ஒன்று செய்து, நண்பருடன் காவடித் தண்டில் கட்டி, மலைகடந்து தோக்கியோவுக்குச் சுமந்து சென்றார். "சுருதி சரியில்லை" என்றது சங்கீதப் பள்ளி. அவர் மனம் தளரவில்லை. அங்கேயே இசை இலக்கணம் கற்று, அடுத்த ஆர்கனைத் திருத்தமாகச் செய்தார். அவர் தொடங்கிய கம்பெனி 1954-இல் இசை வகுப்புகளை ஆரம்பித்தது. 1959-இல் 'எலெக்டோன்' என்னும் மின் ஆர்கனை விற்றது. கருவியோடு கல்வியும் சேர்ந்து சென்றது.

வாங்க முடியாதவர்களுக்கு வாடகை உண்டு. சென்னையில் இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976-இல் காலமானபோது, அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களின் வாடகையே குடும்பத்தைக் காத்தது. அவர் மகன்தான் ஏ.ஆர். ரகுமான்.

பெற்றோர்களே, பிள்ளை ஆர்கன் கேட்டால் கோபிக்காதீர்கள். ஆனால் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் கற்றுக்கொடுப்பார்? பழுதானால் யார் பார்ப்பார்? தவணை முடியும்போது மொத்தம் எத்தனை வெள்ளி கட்டியிருப்போம்? நம் நாட்டில் தவணைக் கொள்முதலுக்கென்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

துணி போர்த்திய ஆர்கன் வீட்டுக்கு வெறும் பாரம். பிள்ளை கற்றுக்கொண்டாலோ அது வாழ்நாள் சொத்து.