ரோஸ்மேரி போன்சாய்: பச்சையாக இருக்கும்போதே செடி செத்துப்போவது ஏன்? வளர்ப்பது, காட்சிக்கு வைப்பது எப்படி?

"நேத்து வரைக்கும் பச்சையாத்தான் இருந்துச்சு, திடீர்னு காஞ்சுபோச்சு!" ரோஸ்மேரி வளர்த்தவர்கள் பலரும் சொல்வது இதைத்தான். சாதாரண தொட்டியிலேயே இந்த நிலை என்றால், சில அங்குலமே ஆழம் உள்ள போன்சாய் தட்டில் கேட்கவே வேண்டாம். ஆனால், செடி உண்மையில் 'திடீர்னு' சாவதில்லை. அதன் அறிகுறி நம் கண்ணுக்குத் தாமதமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் ரோஸ்மேரி போன்சாய் கைக்கு வந்துவிடும்.

போன்சாய்க்கு ரோஸ்மேரி ஏன்?

ரோஸ்மேரியின் பூர்வீகம் மத்திய தரைக்கடல் பகுதி. துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி, தமிழ்நாட்டில் நீலகிரி மலைப்பகுதியில் பயிராகவே சாகுபடி செய்யப்படுகிறது. முன்பு 'ரோஸ்மரினஸ் அஃபிசினாலிஸ்' என்று இருந்த அறிவியல் பெயர், இப்போது 'சால்வியா ரோஸ்மரினஸ்' என்று மாறியிருக்கிறது.

ஊசி போன்ற சிறிய இலை, வயதாக ஆக முறுக்கிக்கொண்டு பட்டை உரியும் தண்டு, நீல நிறப் பூ. இதனால் சில ஆண்டுகளே ஆன செடிகூட பழைய மரம் போலத் தெரியும். தொட்டாலே கையில் வாசனை ஒட்டிக்கொள்ளும் என்பது கூடுதல் பலம்.

பச்சையாக இருக்கும்போதே சாவது ஏன்?

தண்ணீர் இல்லையென்றால் துளசி இலை தொங்கிப்போகும். நாமும் ஓடிப்போய் ஊற்றுவோம், செடி பிழைத்துக்கொள்ளும். ரோஸ்மேரி இலை அப்படி இல்லை. விறைப்பான, தடித்த இலை என்பதால் வேர் காய்ந்தாலும் சரி, அழுகினாலும் சரி, இலை சில நாட்கள் பச்சையாகவே நிற்கும். இளம் நுனிகள் மட்டும் லேசாகத் தலை சாயும். இலை மொறுமொறு என்று உதிர ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

எனவே, இலையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது?

விரலை மண்ணில் சற்று ஆழமாக விட்டுப் பாருங்கள். மேல் மண் உலர்ந்து, உள்ளே லேசான ஈரம் இருக்கும்போது, அடித் துளை வழியாக வெளியேறும் அளவுக்கு நன்றாக ஊற்ற வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது வேலைக்கு ஆகாது.

இன்னொரு எளிய வழி, தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் ஊற்றியதும் எவ்வளவு கனம், உலர்ந்ததும் எவ்வளவு கனம் என்று ஒரு வாரத்தில் கைக்கே பழகிவிடும். 'ரோஸ்மேரி வறட்சியைத் தாங்கும்' என்பது தரையில் ஆழமாக வேர்விட்ட செடிக்குத்தான் பொருந்தும். சிறிய தட்டில் ஒருமுறை முழுதாகக் காய்ந்தாலே செடி போய்விடலாம்.

மண் கலவை எப்படி இருக்க வேண்டும்?

தண்ணீர் தேங்கவே கூடாது. பெர்லைட், கழுவிய கரடுமுரடான ஆற்று மணல், சிறு செங்கல் துண்டுகள் ஆகியவை பெரும்பங்கும், மக்கிய தொழு உரம் சிறு பங்குமாகக் கலக்கலாம். தூளாக இருப்பதைச் சலித்து நீக்குவது முக்கியம். தேங்காய் நார்க்கழிவு ஈரத்தை நீண்ட நேரம் பிடித்து வைக்கும் என்பதால், அதை அதிகம் சேர்க்க வேண்டாம். துளைக்கு மேல் வலைத் துண்டு வைத்தால் மண் வெளியேறாது.

வேரை வெட்டும்போது கவனம்!

பலர் சறுக்குவது இங்கேதான். நர்சரியில் வாங்கிய அன்றே மண்ணை முழுவதும் உதறி, வேரை ஒட்ட வெட்டி, தட்டில் நடுவது ஆலமரத்துக்கோ அத்திக்கோ ஒத்துவரலாம். ரோஸ்மேரிக்கு ஒத்துவராது.

ஒரே தடவையில் வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். தண்டை ஒட்டியுள்ள மண்ணைக் கலைக்காமல் விடுங்கள். முதலில் சற்று ஆழம் குறைந்த தொட்டி, அது நன்றாகத் தழைத்த பிறகு அதைவிடக் குறைந்த தொட்டி எனப் படிப்படியாகத் தட்டுக்கு வரலாம். கொளுத்தும் கோடையிலும் அடைமழையிலும் இதைச் செய்யாதீர்கள். வெட்டிய பிறகு இரண்டு, மூன்று வாரம் நேரடி மதிய வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும்.

கவாத்து, கம்பி கட்டுதல்

இலையே இல்லாத பழைய கட்டைப் பகுதி வரை வெட்டினால், அங்கிருந்து மீண்டும் துளிர்ப்பது அபூர்வம். அந்தக் கிளை அப்படியே காய்ந்துவிடும். எனவே, எந்தக் கிளையை வெட்டினாலும் கொஞ்சம் பச்சை இலையை விட்டுவைக்க வேண்டும்.

முற்றிய கிளை பட்டென்று முறியும். அலுமினியக் கம்பி சுற்றுவதென்றால் இளம் கிளைகளில் மட்டும், மெதுவாகச் சுற்றலாம். கம்பி பட்டைக்குள் பதிவதற்கு முன்பே வெட்டி எடுத்துவிட வேண்டும். நேராக வளரும் ரகத்தை நிமிர்ந்த மரம் போலவும், படரும் ரகத்தை மலைச்சரிவில் தொங்கும் மரம் போலவும் வடிவமைக்கலாம்.

எங்கே வைப்பது? எப்படி காட்சிப்படுத்துவது?

ரோஸ்மேரி வீட்டுக்குள் வளரும் செடி அல்ல. தினமும் குறைந்தது 6 மணி நேர வெயிலும் நல்ல காற்றோட்டமும் தேவை. மாடியோ, வெயில் விழும் பால்கனியோதான் அதற்கு வீடு. சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் செடிகளை நெருக்கி வைத்தால் இலையில் வெள்ளைப் பூஞ்சை வரக்கூடும். தொடர் மழை நாட்களில், வெளிச்சம் கிடைக்கும் கூரைக்குக் கீழே நகர்த்திவிடுங்கள்.

விருந்தினர் வருகிறார்கள், விசேஷம் என்றால் ஓரிரு நாள் வரவேற்பறையில் வைக்கலாம். ஜப்பானிலும் போன்சாயை 'டோகோனோமா' எனப்படும் வீட்டு மாடத்தில் சிறிது காலம் காட்சிக்கு வைத்துவிட்டு வெளியே கொண்டுபோவதுதான் வழக்கம்.

தண்டு கண்மட்டத்துக்கு வரும்படி மரப்பலகை மீது வையுங்கள். பின்னணி வெறும் சுவராக இருந்தால் வடிவம் பளிச்சென்று தெரியும். பளபளப்பில்லாத மண்நிறத் தட்டு, நீலப் பூவையும் சாம்பல் நிறப் பட்டையையும் எடுத்துக்காட்டும். தட்டின் நீளம் மர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுவான கணக்கு. ஆழம் மட்டும் மற்ற போன்சாய்களைவிடச் சற்று கூடுதலாக இருக்கட்டும். அழகு கொஞ்சம் குறைந்தாலும் வேர் தப்பிக்கும்.

வெட்டியதை வீசாதீங்க!

கவாத்து செய்த இளம் நுனிகளில் 10 செ.மீ. அளவு துண்டுகளை எடுத்து, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, ஈரமான மணலில் செருகி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். தட்டில் இருக்கும் செடிக்கு ஏதாவது ஆனாலும், அதே செடியின் வாரிசு உங்கள் கையில் இருக்கும். அனுபவசாலிகள்கூட ரோஸ்மேரியை இழப்பது உண்டு. அதனால், முதல் செடியின் வேரில் கை வைப்பதற்கு முன்பே இரண்டு துண்டுகளைச் செருகி வைப்பது நல்லது.