கலபார் விதை: நஞ்சிலிருந்து நொதி வரை

இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில் உள்ள கலபார் பகுதியில், சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எஃபிக் மக்கள் ஒரு கொடியின் விதையை இடித்து நீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தவர் நிரபராதி, இறந்தவர் குற்றவாளி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த விதை எடின்பரோ நகருக்குப் போய்ச் சேர்ந்தது. 1855இல் அந்நகர மருத்துவர் ராபர்ட் கிறிஸ்டிசன் அதில் சிறு துண்டைத் தானே தின்று பார்த்து, உடல் தளரத் தொடங்கியதும் சவரம் செய்த தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்தார். 1863இல் கண் மருத்துவர் ஆர்கைல் ராபர்ட்சன் அதன் சாற்றைத் தன் கண்ணில் விட்டு, கண்பாவை சுருங்குவதைக் கண்டார். மறு ஆண்டே ஜெர்மனியில் வேதியியலாளர்கள் யோப்ஸ்ட்டும் ஹெஸ்ஸெயும் அந்த நஞ்சைத் தனியே பிரித்து பைசோஸ்டிக்மின் என்று பெயரிட்டார்கள். வெற்றி அத்துடன் முடிந்ததாக எண்ணத் தோன்றும். ஆனால் பிரித்தெடுப்பது பாதி வேலைதான். பிரித்த பொருள் உடலில் எதைத் தடுக்கிறது என்று தெரிவதே மறுபாதி.

அந்த மறுபாதிக்கு 62 ஆண்டுகள் பிடித்தன. நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலினைத் தவளையின் இதயத் திசுவில் உள்ள ஒரு நொதி சிதைப்பதையும், பைசோஸ்டிக்மின் அந்தச் சிதைவைத் தடுப்பதையும் 1926இல் ஆய்வாளர்கள் ஓட்டோ லோவியும் நவ்ராட்டிலும் காட்டினார்கள். கண்பாவை சுருங்கியது, எச்சில் ஊறியது, தசை துடித்தது, மூச்சு நின்றது எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: நொதி முடங்கியதால் அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்கியது. நொதியைப் பற்றி அறியாமலே 1870களில் கண் மருத்துவர்கள் கிளாக்கோமா என்ற கண் நோய்க்குப் பைசோஸ்டிக்மினைக் கொடுத்துப் பலன் கண்டார்களே. 1934இல் மருத்துவர் மேரி வாக்கர் தசைச்சோர்வு நோய்க்கு இதைக் கொடுத்ததும், அந்நோய் தசையை முடக்கும் கியூராரே நஞ்சின் விளைவை ஒத்திருந்ததால்தானே, பிறகு நொதியறிவு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கண்ணும் தசையும் மருந்தின் விளைவை உடனே வெளியே காட்டுபவை, நினைவாற்றல் அப்படியல்ல. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அசிட்டைல்கோலின் உற்பத்தி குன்றுவது 1970களில் தெரியவந்தபோது, இருப்பதையாவது சிதையாமல் காக்கலாம் என்ற வழியைக் காட்டியது நொதியறிவுதான். பைசோஸ்டிக்மின் உடலில் நெடுநேரம் தங்கவில்லை. அதன் வேதியமைப்பைப் பின்பற்றி உருவான ரிவாஸ்டிக்மின் இன்று அந்நோய்க்குத் தரப்படுகிறது.

இதை வைத்து, நொதியைத் தடுக்கும் மூலிகைச் சாறெல்லாம் மருந்து என்று சொல்லிவிட முடியாது. எல்மன் என்ற ஆய்வாளர் 1961இல் வெளியிட்ட சோதனையில் இந்த நொதி வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும். மூலிகைப் பொருள் அதைத் தடுத்தால் மஞ்சள் மங்கும். அந்த மங்கல் தொடக்கச் சான்று மட்டுமே, ஏனெனில் கலபாரில் உயிரைப் பறித்ததும் இதே தடைதான். எந்த நொதி, எவ்வளவு அளவில், உடலின் எந்த இடத்தில் என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகே ஒரு மூலிகைப் பொருளை மருந்து என்று அழைப்பது முறை.