தென்னாப்பிரிக்காவில் பறவை வேட்டைப் பயணம்

தென்னாப்பிரிக்காவில் பறவை வேட்டை பெரும்பாலும் தனியார் பண்ணைகளில்தான் நடக்கிறது. மக்காச்சோளமும் சூரியகாந்தியும் விளையும் வயல்கள், அவற்றை ஒட்டிய புல்வெளி, பாசனக் குட்டைகள் இவைதான் களம். எந்தப் பறவை என்று முதலில் முடிவு செய்துவிட்டால், போகவேண்டிய மாகாணமும் மாதமும் அதைப் பொறுத்தே அமையும்.

பரவலாக வேட்டையாடப்படுவது கினிக்கோழி. கருநிற உடலெங்கும் வெண்புள்ளி, நீலக் கழுத்து, உச்சந்தலையில் கொம்பு போன்ற எலும்புப் புடைப்பு. ஆபத்தென்றால் முதலில் ஓடும். ஓட வழியில்லாதபோதுதான் எழும்பிப் பறக்கும். ஆகவே அறுவடை முடிந்த வயலில் ஆட்கள் வரிசையாக நடந்து கூட்டத்தை விரட்ட, மறுகோடியில் வேட்டைக்காரர்கள் காத்திருப்பார்கள். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துச் சூரியகாந்தி வயல்கள் புறா வேட்டைக்குப் பேர்போனவை.

நாய்களோடு வேட்டையாட விரும்புவோர் கிழக்கு கேப் மாகாணத்தின் ஸ்டார்ம்பெர்க் மலைப் புல்வெளிக்குச் செல்கிறார்கள். அங்குள்ள சாம்பல் சிறகுக் கவுதாரி அலகால் மண்ணைக் கிளறிக் கிழங்குகளைத் தின்னும். பாயிண்டர் நாய் மோப்பம் பிடித்து அசையாமல் நின்றதும் வேட்டைக்காரர் மெல்ல நெருங்குவார். புல்லோடு பதுங்கியிருந்த கூட்டம் காலடியிலிருந்து சடசடவென்று எழும்பும். நாளெல்லாம் மலை ஏறி இறங்க உடலில் தெம்பு வேண்டும்.

வறண்ட வட கேப் பகுதியில் நமாகுவா கல்கவுதாரிகள் காலையில் கூட்டங்கூட்டமாக நீர்நிலை தேடி வரும். குஞ்சு பொரித்த காலத்தில் ஆண் பறவை வயிற்று இறகுகளை நீரில் நனைத்து, அந்த ஈரத்தைத் தொலைவிலுள்ள குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும். அப்படிப்பட்ட ஆணைச் சுட்டால் குஞ்சுகளும் தாகத்தில் மடியும். கூடு கட்டும் காலத்தில் இப்பறவையைத் தொடவே கூடாது.

வேட்டைப் பருவத்தையும் சுடக்கூடிய எண்ணிக்கையையும் மாகாண அரசுகள் அறிவிக்கின்றன. பெரும்பாலும் மே முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்காலமே பருவம். உள்நாட்டு மேட்டு நிலங்களில் விடியற்காலையில் உறைபனி படியும் என்பதால் கம்பளி உடை தேவை. ஃப்ரீ ஸ்டேட்டில் மலேரியா இல்லை. லிம்போப்போவின் தாழ்நிலங்களுக்குப் போவதானால் மருத்துவரைக் கேட்டுத் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டவர் உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டை வழிகாட்டியுடன்தான் வேட்டையாட முடியும்.

சொந்தத் துப்பாக்கி கொண்டுவருபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறையின் 520ஆம் எண் படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, கையெழுத்தை மட்டும் விமான நிலையத்தில் அதிகாரியின் முன்னிலையில் போட வேண்டும். அழைப்புக் கடிதமும் கையில் இருக்கவேண்டும். துப்பாக்கி ஒன்றுக்கு 200 தோட்டாக்கள்தான் அனுமதி. புறா வேட்டைக்கு இது போதாது. மீதியை அங்கேயே வாங்கிக்கொள்வது வழக்கம். குட்டைகளில் வாத்து சுடுவோர் ஈய ரவைத் தோட்டாக்களைத் தவிர்த்து இரும்பு ரவையைக் கேட்டு வாங்க வேண்டும். நீரடியில் கிடக்கும் ஈய ரவையைக் கூழாங்கல்லென்று விழுங்கும் வாத்துகள் நஞ்சேறிச் சாகின்றன.

பண்ணையைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. குவாசூலு-நட்டால் மாகாணத்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் 1980களிலிருந்து கினிக்கோழிகள் வெகுவாகக் குறைந்தன. வயல்களுக்கிடையே இருந்த புல்லும் புதரும் அழிந்ததும் பூச்சிக்கொல்லியும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வயலோரப் புதர்களை விட்டுவைத்திருக்கிறார்களா, அந்த ஆண்டு மழைக்குப் பின் குஞ்சுகள் எவ்வளவு தேறின, பருவம் தொடங்குமுன் கூட்டங்களை எண்ணுகிறார்களா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே உரிமையாளரிடம் கேட்க வேண்டும். எண்ணிப் பார்க்காமல் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம் என்று சொல்லும் பண்ணையை விட்டுவிடுவதே முறை.